ஏற்காட்டில் பாபா தாஹிர்: இருநாள் வாசிப்பு முகாம் பற்றி

ஏற்காட்டில் நாகலூர் சாலையை ஒட்டிய ஒரு காப்பித் தோட்டத்துப் பழைய பங்களாவில், ஒரு முறைக்கு ஒரு கவிஞர் என்ற முறையில், சனி ஞாயிறுகளில் தங்கிப் படிக்கும் வாசிப்பு முகாம் நடத்துகிறார்கள். டிசம்பரில் அவர்கள் எடுத்துக்கொண்டவர் பாபா தாஹிர். பதினோராம் நூற்றாண்டில் மேற்கு ஈரானின் ஹமதான் நகரில் வாழ்ந்த இந்தத் துறவியைக் குர்து மக்கள் தங்கள் ஆதி பக்திக் கவிஞர்களில் ஒருவராகக் கொண்டாடுகிறார்கள். தங்கும் இடம், உணவு, அச்சிட்ட பாடக்குறிப்பு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 3,200 ரூபாய் வாங்குகிறார்கள். சேலம் வட்டாரத்தில் இலக்கியத்துக்கென்று பணம் கட்டிப் போகும் நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. எனவே அடுத்த முகாமுக்குப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன். பாடம் நடந்த விதம் உயர்தரம். பாடக்குறிப்பும் சில ஏற்பாடுகளும் அதற்கு ஈடு கொடுக்கவில்லை.

பாபா தாஹிரின் வாழ்க்கையைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகச் சிறிது, கதைகளோ ஏராளம். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் பொதுவாகக் கதைகளையெல்லாம் கோத்து, பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு வாழ்க்கை வரலாறாக்கிச் சொல்லிவிடுவார்கள். இங்கே பாடம் நடத்தியவர் அப்படிச் செய்யாமல், எந்தச் செய்தி எந்தக் காலத்தில் முதன்முதலாக எழுத்தில் வருகிறது என்ற வரிசையில் எல்லாவற்றையும் அடுக்கினார். பழைய சாட்சி முதலில், பிந்தையது பின்னால். கேட்பவர்களுக்கு இது முதலில் சற்று வறட்சியாக இருந்தாலும், மதியத்துக்குள் அந்த முறையின் அருமை புரிந்துவிட்டது. ஒவ்வொரு கதையையும் அதன் வயதோடு சேர்த்துக் கேட்கும்போது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கேட்பவரே தீர்மானித்துக்கொள்ள முடிகிறது.

முதல் சாட்சி ராவந்தி என்ற வரலாற்றாசிரியர். செல்ஜூக் என்ற துருக்கிய வம்சத்து அரசர்களைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர்; அதாவது, அவர் சொல்லும் சம்பவத்துக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிந்தியவர். அந்த வம்சத்துச் சுல்தான் துக்ரில் பேக் ஹமதானுக்கு வருகிறார். நகர வாயிலருகே கிஸ்ர் என்று பெயர்கொண்ட சிறு குன்றின்மேல் பாபா தாஹிர், பாபா ஜாஃபர், ஷேக் ஹம்ஷா என்னும் மூன்று பெரியவர்கள் நிற்கிறார்கள். சுல்தான் படையை நிறுத்திக் குதிரையிலிருந்து இறங்கி, அமைச்சர் குந்துரியுடன் நடந்து சென்று அவர்கள் கைகளை முத்தமிடுகிறார். பாபா தாஹிர் சுல்தானைப் பார்த்து, “துருக்கியனே, இறைவனின் மக்களை என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கிறார். “நீங்கள் சொல்வதைச் செய்வேன்” என்கிறார் சுல்தான். “நான் சொல்வதை அல்ல, இறைவன் சொல்வதைச் செய்” என்று சொல்லி, நீதியும் நன்மையும் செய்யக் கட்டளையிடும் குர்ஆன் வசனத்தை ஓதுகிறார் பாபா. சுல்தான் அழுதுவிடுகிறார். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளூவுக்குப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திய நீர்க்கெண்டி உடைந்தபின் அதன் வாய்ப்பகுதியை மோதிரம்போல விரலில் மாட்டியிருந்த பாபா, அதைக் கழற்றிச் சுல்தானின் விரலில் அணிவித்து, உலக ஆட்சியை இப்படியே உன் கையில் வைத்தேன், நீதியோடு இரு என்கிறார். துக்ரில் அதைத் தம் தாயத்துகளோடு பாதுகாத்து, போருக்குப் போகும்போதெல்லாம் விரலில் அணிந்துகொள்வார் என்று ராவந்தி முடிக்கிறார்.

இந்தப் பகுதியை வாசித்துக்கொண்டிருக்கும்போது, குயவரிடம் வாங்கிய ஒரு மண் கெண்டியின் உடைந்த வாய் வளையத்தைக் கைக்குக் கை மாற்றிக் காட்டினார்கள். விளிம்பில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும், தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய வேண்டிய மறுபக்கம் வழவழப்பாகவும் இருந்தது. பெரியவர்களில் பலருக்கு விரலில் நுழையவில்லை; சுண்டுவிரலில் மட்டும் முதல் கணு வரை இறங்கியது. இதுபோன்ற பொருட்களைக் காட்டுவது பல வகுப்புகளில் வெறும் வித்தையாக முடிந்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை. ஒரு பேரரசனின் முன்னால் நின்றவரிடம் கொடுப்பதற்கு இருந்தது இவ்வளவுதான் என்பதை நூறு வாக்கியங்களால் விளக்குவதைவிட அந்த மண்துண்டு நன்றாக விளக்கியது. பாடம் நடத்தியவரும் அதைப் பற்றி மேலும் எதுவும் பேசாமல் அடுத்த சாட்சிக்குப் போய்விட்டார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்தது காலக் குழப்பம். துக்ரில் ஹமதானுக்கு வந்த நிகழ்ச்சியை 1055-க்கும் 1058-க்கும் இடைப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த ரிஸா குலி கான் ஹிதாயத், பாபா தாஹிர் ஹிஜ்ரி 410-இல், அதாவது 1019 வாக்கில், இறந்துவிட்டார் என்று எழுதுகிறார். இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான ஒருவர் சுல்தானின் விரலில் மோதிரம் அணிவிக்க முடியாது. ஒன்று சரியென்றால் மற்றது தவறு. ஹமதானிலேயே 1037-இல் இறந்து அங்கேயே அடக்கமான மருத்துவ மேதை இப்னு சீனாவோடு அவரைச் சேர்த்துச் சொல்லும் கதைகள் வேறு இருக்கின்றன. பழைய சாட்சியைப் பிந்தைய சாட்சி தக்க காரணமில்லாமல் தள்ளிவிட முடியாது என்ற அடிப்படையில், ராவந்தியின் பக்கமே தம் சாய்வு என்று பாடம் நடத்தியவர் சொன்னார். என் கருத்தும் அதுவே.

பாபா தாஹிர் குர்தா, லூரா, பாரசீகரா என்ற கேள்வியை முதல் நாள் மாலையில் எடுத்துக்கொண்டார்கள். ஹமதான் நகரம் குர்து, லூர் மக்கள் வாழும் மலைப்பகுதிகளுக்கு அருகில் இருக்கிறது. அவருடைய பாடல்களின் பழைய வடிவங்கள் இலக்கியப் பாரசீகத்திலிருந்து வேறுபட்ட ஒரு வட்டார மொழியில் இருக்கின்றன. லூர் மக்களும் அவரைத் தம்மவர் என்கிறார்கள். குர்து என்பதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் கதை ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாஹிர், மதரசா மாணவர்களிடம் அறிவு பெறும் வழி கேட்கிறார். அவர்கள் கேலியாக, குளிர்கால இரவில் உறைந்துகிடக்கும் குளத்து நீரில் இருந்தால் அறிவு வரும் என்கிறார்கள். அவர் அதை நம்பி அப்படியே செய்து, விடிந்ததும், மாலையில் குர்தாக இருந்தேன், காலையில் அரபியாக எழுந்தேன் என்று அரபு மொழியில் சொல்கிறார். கேட்பதற்கு மிக அழகான கதை. ஆனால் ஏறக்குறைய இதே வாக்கியம் பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற நூலின் முன்னுரையில், அவருடைய சீடர் ஹுசாமுத்தீனின் முன்னோர் ஒருவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ஒரே வாக்கியம் பல மகான்களின் பெயரில் உலவும்போது அதைப் பிறப்புச் சான்றாகக் கொள்ள முடியாது என்று பாடம் நடத்தியவர் திட்டமாகச் சொன்னார். அவரைக் குர்துகள் தம் கவிஞராகப் போற்றிவருவது மறுக்க முடியாத வரலாறு. அவர் பிறந்த குடி எது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்து வைத்ததற்காகவே முகாமைப் பாராட்ட வேண்டும். வந்திருந்தவர்களில் சிலருக்கு இந்த விடை நிறைவளிக்கவில்லை என்பது கேள்வி நேரத்தில் தெரிந்தது. ஆனால் யாரையும் மகிழ்விப்பதற்காக அவர் தம் நிலையை மாற்றவில்லை.

முகாமின் உச்சம் யாப்பு வகுப்பு. பாபா தாஹிரின் பாடல்கள் நான்கடிப் பாடல்கள். ருபாயி என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் வடிவத்துக்கும் இதற்கும் அடி எண்ணிக்கை ஒன்றே என்றாலும் சந்தம் வேறு. ஓர் அடிக்குப் பதினோரு அசைகள். ஒரு குற்றசையும் மூன்று நெட்டசையும், மறுபடியும் ஒரு குற்றசையும் மூன்று நெட்டசையும், கடைசியில் ஒரு குற்றசையும் இரண்டு நெட்டசையும். அரபு யாப்பில் இதை ஹஸஜ் என்ற வகையில் சேர்ப்பார்கள். இதைக் கரும்பலகையில் புள்ளியும் கோடுமாக எழுதிக் காட்டியபின், பாடம் நடத்தியவர் அதைத் தமிழ் யாப்புக்கு மாற்றினார். குறிலும் நெடிலும் இணைந்த நிரையசை, அதன்பின் நேர், நேர். அதாவது புளிமாங்காய், புளிமாங்காய், புளிமா. ‘புளி’யின் இரண்டாம் எழுத்தை நீட்டிச் சொன்னால் சந்தம் அப்படியே பொருந்துகிறது. முச்சீர் கொண்ட சிந்தடி நான்கு! மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கூடம் முழுவதும் புளிமாங்காய் சொல்லிப் பழகிவிட்டு, அதே தட்டின்மேல் “ப ஸஹ்ரா பிங்கரம் ஸஹ்ரா த வீனம்” என்ற மூல அடியை ஏற்றினார். பாலைவனத்தைப் பார்த்தால் பாலைவனமாக உன்னைக் காண்கிறேன் என்பது அதன் கருத்து. அடுத்த அடிகளில் கடலும் மலையும் சமவெளியும் வருகின்றன, எங்கும் அந்த முகத்தின் அடையாளமே தெரிகிறது. பாரசீகம் ஓர் எழுத்தும் தெரியாத பள்ளி ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் அந்த அடியைச் சந்தம் பிசகாமல் சொன்னார்கள். தமிழ் யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹமதான் பாட்டு இவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு வகுப்புக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம்.

பாடல்களுக்குள் போனபோது, தேர்வு நன்றாக இருந்தது. கண்ணும் நெஞ்சும் ஒன்றையொன்று கெடுப்பதைச் சொல்லி முறையிடும் புகழ்பெற்ற பாடலை எடுத்தார்கள்: கண் பார்ப்பதையெல்லாம் நெஞ்சு நினைத்துக்கொள்கிறது, எஃகு முனை கொண்ட கட்டாரி ஒன்று செய்து கண்ணைக் குத்திவிட்டால் நெஞ்சு விடுதலை பெறும் என்கிறார். அல்வந்த் மலையடிவாரத்தில் ஒரு பூச்செடி நட்டு, காலையும் மாலையும் கண்ணீர் ஊற்றி வளர்த்து, மணம் வரவேண்டிய நேரத்தில் காற்று அதை வேறெங்கோ கொண்டுபோய்விட்டது என்னும் பாடலில் நெடுநேரம் தங்கினார்கள். ஹமதான் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது, ஏற்காட்டைவிட உயரம். அதற்கும் மேலே 3,500 மீட்டரைத் தாண்டி எழுவது அல்வந்த். பனி உருகும் சில வாரங்களில் மட்டும் பூக்கும் மலைப்பூக்களைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பாடுகிறார் என்று அறிந்தபின் அந்தப் பாடலின் துயரம் இன்னும் கூர்மையாகிறது. அரண்மனைக் கவிஞர்களின் மாதுளைத் தோட்டமும் மதுக்கிண்ணமும் இவரிடம் பின்னுக்குப் போய்விடுகின்றன. வீடில்லாமல் பகலெல்லாம் அலைந்து இரவில் செங்கல்லில் தலைவைத்துப் படுப்பவனின் குரலே முன்னால் நிற்கிறது.

இந்த இடத்தில் தமிழ்ப் பக்கத்திலிருந்து குணங்குடி மஸ்தான் சாகிபுவை ஒப்பிட்டுப் பேசினார்கள். ஒப்பீடு பொருத்தமானதே. இருவரும் சிறிய வடிவத்தை எடுத்துக்கொண்டு, இறைவனை நேருக்கு நேர் அழைத்து, தம்மைத் தாழ்த்திக்கொண்டு பாடுகிறார்கள். ஆனால் மஸ்தான் சாகிபு தாயுமானவரின் வழியில் வந்த கண்ணி வடிவத்தில், ஓர் அழைப்பையே ஈற்றில் வைத்துக் கண்ணிமேல் கண்ணியாக அடுக்கிச் செல்கிறார். பாபா தாஹிரின் பாடல் நான்காம் அடியோடு நின்றுவிடுகிறது. இந்த வேறுபாட்டை இன்னும் கொஞ்சம் விரித்திருக்கலாம். தேநீர் இடைவேளைக்கு நேரமாகிவிட்டதென்று நிறுத்திவிட்டார்கள்.

பாடல்கள் உண்மையில் எத்தனை என்ற வகுப்பும் எனக்கு மிகுந்த பயன் தந்தது. பிரெஞ்சு அறிஞர் கிளெமான் ஹுவார் 1885-இல் வெளியிட்டவை 59 பாடல்கள். எட்வர்ட் ஹெரான் ஆலன் 1902-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டுப் பாரசீகப் பதிப்புகளில் எண்ணிக்கை 300-ஐ ஒட்டிப் போய்விட்டது. துருக்கியின் கொன்யாவில் கிடைத்த பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியிலோ மிகச் சில பாடல்களே உள்ளன. அவற்றின் மொழியும் அச்சுப் பதிப்புகளின் மொழியைவிடக் கடினமானது. வாய்வழியாகப் பாடப்பட்டு வந்ததால், பாடுபவர்கள் தமக்குப் புரியும் பாரசீகத்துக்கு மொழியை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதே சந்தத்தில் யார் பாடியதும் அவர் பெயரில் சேர்ந்திருக்கிறது. ஔவையார் பெயரிலும் சித்தர்கள் பெயரிலும் நம்மிடம் நடந்திருப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அவர் பெயரில் அரபு மொழியில் வழங்கும் ஞான வாசகங்களையும் சேர்த்துப் பார்த்தால், பாடலில் தெரியும் நாடோடியும் வாசகங்களில் தெரியும் கற்றறிந்த சூஃபியும் ஒருவர்தானா என்ற கேள்வி எழுகிறது. அதைத் திறந்த கேள்வியாகவே விட்டார்கள்.

முகாமின் பெருங்குறை, யார்சான் சமயத்தாருக்கு ஒதுக்கிய நேரம். மேற்கு ஈரானின் கெர்மன்ஷா வட்டாரத்துக் குர்துகளிடையே பெரிதும் வாழும் இந்தச் சமயத்தில் பாபா தாஹிர் வெறும் கவிஞர் அல்லர். இறைமை மனித உருவில் வெளிப்பட்டதாக அவர்கள் நம்பும் ஷா கோஷீனின் நெருங்கிய துணைவர். ஷா கோஷீன் ஹமதானுக்கு வந்து அவரைச் சந்தித்த கதையும், ஃபாத்திமா லூரா என்ற பெண்ணின் கதையும் அவர்களுடைய மரபில் உண்டு. கோரானி மொழியில் அமைந்த புனிதப் பாடல்களைத் தம்பூர் என்ற நரம்புக் கருவியின் இசையோடு பாடுவது அவர்களுடைய வழிபாடு. குர்துகள் இவரை ஏன் தம்மவர் என்கிறார்கள் என்ற கேள்விக்கு மெய்யான விடை இங்கேதான் இருக்கிறது. இதை ஞாயிறு மதியம் உணவுக்குப் பிறகு, எல்லோரும் பேருந்து நேரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில், அவசரமாக முடித்தது வருத்தம் தந்தது. அதே அவசரத்தில் பிற்காலக் குர்து கவிஞர்களான மலாயே ஜஸீரியையும், 1692-இல் மெம் ஊ ஸீன் காவியத்தை முடித்த அஹ்மத் கானியையும் பெயரளவில் தொட்டுவிட்டுப் போனார்கள். கானியைத் தனி முகாமாக வைக்கலாம். யார்சான் பகுதியைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றியே ஆக வேண்டும்.

பாடக்குறிப்பில் எனக்கு இரண்டு மனக்குறைகள். அட்டையில் தாடியும் விரிசடையுமாக ஒரு முகத்தை வரைந்து கீழே கவிஞர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவர் காலத்து உருவப்படம் எதுவும் கிடையாது. கற்பனை ஓவியம் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். அதைவிடப் பெரியது, அட்டையின் உட்பக்கத்தில் மறைவு 1019 என்று எந்தக் கேள்விக்குறியும் இல்லாமல் அச்சிட்டிருப்பது. ஒரு முழு வகுப்பு எடுத்து அந்த ஆண்டு ஏன் ஐயத்துக்குரியது என்று விளக்கியவர்களே கையில் கொடுத்தனுப்பும் தாளில் அதைத் தீர்ந்த உண்மையாக எழுதலாமா? வகுப்பு மறந்துபோகும், தாள் வீட்டில் இருக்கும். பாடல்களின் தமிழ் உரைநடை வடிவங்கள் மட்டும் தெளிவாகவும் மிகையில்லாமலும் இருக்கின்றன.

சனிக்கிழமை இரவு பாபா தாஹிரின் பாடல்களை ஈரானிய மரபில் பாடும் ஒலிப்பதிவுகளைப் போட்டார்கள். தஷ்தி என்ற இசைவகையில் தாளக்கட்டில்லாமல் நீண்டு இழையும் பாட்டு; யாப்பு வகுப்பில் விரலால் தட்டியது இங்கே எப்படித் தளர்ந்து விரிகிறது என்பதைக் கேட்பதே பெரிய பாடமாக இருந்திருக்கும். ஆனால் ஒலிபெருக்கி கரகரத்து, பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் குரல் பாதிதான் கேட்டது. நல்ல ஒலிபெருக்கி ஒன்றை வாடகைக்கு எடுப்பது பெரிய செலவு அல்ல.

உணவு எளிமையாகவும் சூடாகவும் இருந்தது. தோட்டத்து மிளகில் வைத்த ரசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அறைகள் சுத்தம், டிசம்பர் குளிருக்குக் கொடுத்த கம்பளி போதாது, சொந்தமாக ஒன்று கொண்டுபோவது நல்லது. வெந்நீர் காலை ஏழு மணிக்குள் மட்டும். கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் ஒத்துக்கொள்ளாதவர்கள் சேலத்திலிருந்து காலை முதல் பேருந்தில் வந்து, ஏரிக்கரையில் சற்று இளைப்பாறிவிட்டு வகுப்புக்குப் போகலாம். பேருந்து நிலையத்திலிருந்து பங்களா வரை ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

பதினைந்து வயதுக்கு மேற்பட்ட, தமிழ் இலக்கணத்தில் ஆர்வமுள்ள மாணவர்களைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். அவர்களுக்குக் கட்டணத்தில் பாதி. சிறு குழந்தைகளோடு போவதற்கு ஏற்ற இடமல்ல. பதிவு தொலைபேசியில் மட்டுமே. பாதித் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், வர முடியாமல் போனால் அது திரும்பக் கிடைக்காது, அடுத்த முகாமுக்கு மாற்றிக்கொள்ளலாம். பாபா தாஹிர் முகாமைக் கோடையில் மீண்டும் நடத்தப்போவதாகச் சொன்னார்கள். அப்போது பதிவு செய்பவர்கள், யார்சான் பகுதிக்கு முழு வகுப்பு உண்டா என்பதைக் கேட்டுக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.